சவரிநாதனுக்காகக் காய்ச்சிய பாயசம்

சிலுவையம்மாளின் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கோத்து டப்பா இருந்தது. அதற்குள் அரைப்படி ஜவ்வரிசி, இரண்டு அச்சு வெல்லம், காகிதத்தில் மடித்த பத்து ஏலக்காய். பண்டிகைக்கென்று வைத்ததல்ல. சவரிநாதன் செத்த அன்றைக்குப் பாயசம் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றுவதற்காக வைத்தது. அப்படித் தீர்மானம் செய்து, 1954-ஆம் வருஷத்தோடு அவளுக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

ராயபுரத்துக் கடற்காற்றில் எதுதான் கெடாமல் இருக்கும்? வெல்லம் கசிந்துவிடும், ஜவ்வரிசியில் வண்டு விழுந்துவிடும். அதனால் வருஷா வருஷம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள் பழையதைப் பக்கத்து வீட்டு ஜெரினாவின் ஆட்டுக்குக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி வைப்பாள். ரேஷன் காலத்தில் வெல்லத்துக்காக வண்ணாரப்பேட்டை வரை நடந்திருக்கிறாள். அடுப்புப் பற்றவைக்க வழியில்லாத நாட்களில்கூட அந்த டப்பாவைத் தொட்டதில்லை. ஆக, சவரிநாதனின் சாவைப் பதினோரு வருஷமாக ஜெரினாவின் ஆடுகள்தான் தின்று கொழுத்துக்கொண்டிருந்தன. அவனோ கல்லுக்குண்டாக நடமாடிக்கொண்டிருந்தான்.

ஒரு மனுஷியை இந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று சொல்ல வேண்டும்.

சிலுவையம்மாள் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் அம்புரோசைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்தாள். குழந்தை இல்லை. அம்புரோஸ் துறைமுகத்தில் ஒரு கிடங்குக்குக் காவலாள். கிடங்குச் சாவி எப்போதும் அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அதே கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவன்தான் சவரிநாதன். இரண்டு பேரும் உயிருக்குயிரான தோஸ்துகள். பெண் பார்க்க அம்புரோசோடு வந்தவனும் அவன்தான். அவன் அவளைத் தங்கச்சி என்பான், அவள் அவனை அண்ணே என்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு அவன் கூப்பிடாமலே வந்து உட்காருவான்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஓடினார்கள். அம்புரோஸும் அவளைத் தாய் வீட்டில் விட்டுவர இரண்டு நாள் எண்ணூர் போனான். போகும்போது தன் வீட்டு வாசலில் நின்று, அவள் கண் முன்னால், சாவியை அவிழ்த்துச் சவரிநாதன் கையில் கொடுத்தான். அந்த இரண்டு நாளில் கிடங்கிலிருந்து பதினாலு மூட்டை சர்க்கரை போய்விட்டது. ஓடிப்போன அதிகாரிகள் திரும்பி வந்து எண்ணிப் பார்த்துக் கேட்டபோது, சாவி அம்புரோசிடம்தான் இருந்தது என்றான் சவரிநாதன். கோர்ட்டில் வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்து அதையே சொன்னான். சிலுவையம்மாளும் கூண்டில் ஏறிச் சொன்னாள். பெண்டாட்டி புருஷனுக்காகப் பேசத்தானே செய்வாள் என்று அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் ஜெயில். உள்ளே போகும்போது வாட்டசாட்டமாக இருந்தவன், இருமிக்கொண்டே வெளியே வந்தான். அடுத்த பிப்ரவரியில் செத்துப்போனான்.

அவன் செத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர்கள் கோயிலில் சாவு மணிக்கு ஒரு முறை உண்டு. ஆண் என்றால் மூன்று மூன்றாக ஒன்பது அடி. பெண் என்றால் இரண்டு இரண்டாக ஆறு. மணி கேட்டதும் தெருவில் இருப்பவர்கள் செய்கிற வேலையை நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டு, "யாரு?" என்று கேட்பார்கள். யாராவது பெயரைச் சொல்வார்கள். அப்புறம்தான் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க ஆள் வரும். மணி அடிப்பது, சவப்பெட்டிக்கு வண்டி கொடுப்பது எல்லாம் கோயில் சபையின் பொறுப்பு. சபைக்குக் காரியதரிசி சவரிநாதன். ஜெயிலுக்குப் போனவனைச் சபையிலிருந்து நீக்கியாகிவிட்டது, அதனால் மணி கிடையாது என்று சொல்லி அனுப்பினான். சாமியாரும் சட்டம் சட்டம்தானே என்று இருந்துவிட்டார். அம்புரோஸ் மணியில்லாமல் போனான். யாருமே "யாரு?" என்று கேட்கவில்லை.

அன்றைக்குச் சிலுவையம்மாள் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று ஜெரினா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. அழுகை வந்து உட்காரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு எழுந்து போகவே இல்லை.

வயிறு கழுவ அவள் போனது அதே துறைமுகத்துக்குத்தான். வேறொரு கிடங்கில் கிழிந்த கோணி தைக்கும் வேலை. ஒரு சாண் நீள ஊசி, சணல் கயிறு. தினமும் வாசலில் சவரிநாதன் கடந்து போவான். அவனைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். அப்போது ஊசியைக் கோணியில் குத்துவாள். ஒவ்வொரு குத்தும் அவனுக்கு. மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை தைத்துத் தள்ளுவாள். அவள் தைத்த கோணி வாய் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை. நூறு பேர் தைத்த கோணிகளில் அவளுடையதை மட்டும் பொறுக்கி எடுத்து அரிசிக்கு வைப்பார்கள். என்ன நேர்த்தி, என்ன பொறுமை என்று மெச்சுவார்கள். பொறுமையாம்.

புத்தி சொல்ல ஆளா இல்லை? வயிற்றெரிச்சலுக்குக் கம்பவுண்டர் ஒரு வெள்ளைத் தண்ணீர் கொடுத்தார். காறித் துப்பிவிட்டு உன் வேலையைப் பார் என்றாள் ஜெரினா. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், பகையை விட்டால்தான் பாவமன்னிப்பு என்றார். பகைதான் வேண்டும், மன்னிப்பு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள். எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் போகும்போது, முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். முதல் ஆளாக நாக்கை நீட்டிக்கொண்டு மண்டிபோடுகிற சவரிநாதனின் முதுகை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உண்மையைச் சொன்னால், அந்த ஆத்திரம்தான் அவளைக் காலையில் எழுப்பியது, கஞ்சி குடிக்க வைத்தது. அவனுக்கு முன்னால் செத்துவிடக் கூடாதே என்று மழையில் நனையாமல் இருந்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்தாள். அது இல்லாவிட்டால் அம்புரோஸ் போன வருஷமே அவளும் போயிருப்பாள்.

சவரிநாதனுக்கு ஒரே பிள்ளை, ஜார்ஜ். அப்பன் பொய் சொன்னபோது பத்து வயசு. வளர்ந்து துறைமுகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். அப்பனுக்கும் அவளுக்கும் பகை என்று தெரிந்தும், எதிரில் பட்டால் கைகூப்பி, "தோத்திரம் அத்தை" என்பான். சின்னவர்கள் தோத்திரம் சொன்னால் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். மறுநாளும் அவன் சொல்வான்.

அந்த வருஷம் ஜூலையில் சவரிநாதன் படுத்தான். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது, மூச்சு இழுக்கிறது என்று மீன் விற்கிற பூவம்மா கூடையை இறக்கும் முன்னாலேயே சொன்னாள். வியாழக்கிழமை சாமியார் போய், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டார் என்பதும் பூவம்மா கொண்டுவந்த சேதிதான். அவஸ்தை பூசியாகிவிட்டதென்றால் ஆள் முடிந்த மாதிரி. சிலுவையம்மாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தாள். தேங்காய் ஒன்று வாங்கி வைத்தாள். பெரிய அலுமினியக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். வெள்ளி போயிற்று. சாகிறதில்கூட மேஸ்திரி வேலையா, இத்தனை இழுபறியா என்று திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி சுமாருக்கு மணி அடித்தது. விரலை மடக்கினாள். மூன்று. மூன்று. மூன்று. ஒன்பது.

அவள் "யாரு?" என்று கேட்கவில்லை. அவள் செய்த தப்பு அதுதான். மணி கேட்டால் கேட்கவேண்டியதைக் கேட்காமல், நேரே டப்பாவைத் திறந்தாள்.

தேங்காய் துருவிப் பால் பிழிந்தாள். வெல்லத்தைப் பாகு வைத்தாள். ஏலக்காயை நசுக்கினாள். பெட்டியிலிருந்து சிவப்புச் சேலையை எடுத்துக் கட்டினாள். அம்புரோஸ் போனபிறகு அவள் கட்டும் முதல் வர்ணச் சேலை. குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். சந்தோஷமா என்றால், சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

முதல் வீட்டில் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் வீட்டுக்காரி எதற்கென்று கேட்டாள். வேண்டுதல் என்றாள். ஐந்தாவது வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், ஆனாலும் பாத்திரத்தை நீட்டினார்கள். ஏழாவது வீட்டு வாசலில் பூவம்மா எதிரே வந்தாள். கூடை இல்லை. தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது.

"இன்னாக்கா இது, குண்டானும் கையுமா?" என்றாள்.

"மணி கேக்கல நீ?"

"கேட்டேன். அங்கேர்ந்துதான் வர்றேன். ஜார்ஜு, அக்கா. காலீல ஆறு மணி ஷிப்டுக்குப் போனவன். கப்பல்லேர்ந்து மரம் எறக்கச்சொல்ல சங்கிலி அறுந்து தலமேல உய்ந்திடுச்சி. அப்பன் எய்ந்து குந்திக்கினு கீறான், புள்ளய இட்டாந்து போட்ருக்காங்க."

சிலுவையம்மாளுக்கு அந்தச் சேதி உடனே தலைக்குள் போகவில்லை. குண்டானைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். பின்னால் ஆறு வீட்டு வாசலிலும் ஜனங்கள் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சிவப்புச் சேலையை அவிழ்த்து உருட்டி மூலையில் எறிந்தாள். மிச்சமிருந்த பாயசத்தைக் கொட்டிவிட மூன்று தரம் எழுந்தாள், கொட்டவில்லை. இத்தனை வருஷம் அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். இப்போது இருபத்திரண்டு வயசுப் பிள்ளை செத்ததற்குப் பாயசம் ஊற்றியவள் என்று ஆகிவிட்டது. சவரிநாதன் மேல் இன்னும் ஆத்திரம் பொங்கியது. சாவதாகச் சொல்லிவிட்டுச் சாகாமல் இருந்து இதிலும் அவளைக் கெடுத்துவிட்டானே என்றுகூட நினைத்தாள்.

மூன்று மணிக்கு ஜார்ஜின் பெட்டி அந்தத் தெரு வழியாகத்தான் போயிற்று. கதவிடுக்கில் நின்று பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் பெட்டி வந்தபோது அவள் கை தானாக எழுந்து காற்றில் சிலுவை போட்டது. "ஆசீர்வாதம்" என்றாள். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சவரிநாதன் நின்றிருந்தான். கல்லறையிலிருந்து நேரே வந்திருக்கிறான். வேட்டியில் மண். கூடத் தாங்கி வந்த இரண்டு பேரைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான்.

"தெருவுக்கே ஊத்துனியாமே, தங்கச்சி" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டான். "எம் புள்ள செத்ததுக்கா?"

பதில் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். ஆமாம் என்று அவனாகவே எடுத்துக்கொள்வான். அதைச் சுமந்துகொண்டே மிச்ச காலத்தையும் கழிப்பான். பதினோரு வருஷமாக அவள் கேட்ட பழி, கேட்டதைவிடக் கூடுதலாகவே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆனால் இல்லாத ஒன்றை ஒருவன் தலையில் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதைச் செய்தவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"உம் புள்ளைக்கு இல்ல" என்றாள். "உனக்கு. நீதான் செத்துட்டேன்னு நென்ச்சி காச்சுனேன். மணியக் கேட்டு ஏமாந்துட்டேன்."

"எனக்கா?"

"உனக்குத்தான். பதினோரு வருசமா சாமான் வாங்கி வச்சிகினு கீறேன்."

அவன் முகத்தில் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப சரி" என்றான். "எம் புள்ளைக்கு இல்லன்னா சரி. எனக்குன்னா எனக்கு ஊத்து."

உள்ளே போய் ஒரு தம்ளரில் மொண்டு வந்து வைத்தாள். புளிக்கத் தொடங்கியிருந்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். குடித்துவிட்டுத் தம்ளரைத் தரையில் வைத்தபிறகு, சர்க்கரை மூட்டையை விற்றது தான்தான் என்றும், சாவி தன்னிடம்தான் இருந்தது என்றும் சொன்னான்.

"எனுக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே இன்னாத்துக்கு சொல்ற?"

"மன்னிச்சிடு தங்கச்சி."

"மன்னிக்க மாட்டேன்" என்றாள். "மணி அடி."

"யாருக்கு?"

"எம் புருசனுக்கு. நாளிக்குப் பூச முடிஞ்சி ஜனம் வெளிய வரச்சொல்ல, உங் கையால அடி. இன்னாத்துக்கு அடிக்கிறேன்னு கேப்பாங்க. அப்ப சொல்லு, எங்கிட்ட சொன்னத."

அவன் அவளையே பார்த்தான். "புள்ளயப் பொதச்சி ஒரு நாளு ஆவல. நாளிக்குத் துக்கம் கேக்க ஊரே வரும்."

"அதுக்கோசரம்தான் நாளிக்கு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் மன்னித்துவிட்டாளாக்கும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவள் மன்னிக்கவில்லை. அடுத்த பாஸ்குவுக்கும் நன்மை வாங்கவில்லை. சவரிநாதன் அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் இருந்தான். தெருவில் பார்த்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். டப்பாவில் மட்டும் அப்புறம் உளுந்து போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போகவில்லை. வாசலில் ஒரு கோணியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். தைக்க ஒன்றும் இல்லை, சும்மா பிடித்திருந்தாள். அவன் அடிக்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். நடக்கவே முடியாதவன். பிள்ளையைப் பறிகொடுத்தவன். நாலு பேர் தடுத்திருப்பார்கள். பூசை முடிகிற நேரம் ஆகி, அதற்கு மேலும் கொஞ்சம் ஆனது. சபைக்காரன் புத்தி எங்கே போகும் என்று எழுந்தாள்.

அப்போது அடித்தது. மூன்று. அடி சீராக இல்லை, கயிற்றை இழுக்கத் தெம்பில்லாத கை. மறுபடியும் மூன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அவள் கோணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு. எட்டு. விட்டுவிட்டான் என்று அவள் நினைத்தபோது ஒன்பது.

தெரு வழக்கம்போல நின்றது. எதிர் வீட்டுக்காரர் நெற்றியில் சிலுவை போட்டார். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. ஜெரினா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவள், அத்தனை வருஷம் அந்தத் தெருவில் இருந்த பழக்கத்தில், நிமிர்ந்து பார்த்து, "யாரு, அக்கா?" என்றாள்.

"எம் வூட்டுக்காரரு" என்றாள் சிலுவையம்மாள். "அம்புரோசு."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து, கோணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நேற்றுத்தான் தாலி அறுத்தவள் மாதிரி அழுதாள். ஜெரினா தழையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயிலிலிருந்து ஜனங்கள் ஒவ்வொருவராக அந்தத் தெருவுக்குள் வந்தார்கள். பாதிப் பேர் சவரிநாதன் வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் சிலுவையம்மாள் வாசலில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, துக்கம் கேட்க நின்றார்கள்.